காலைப் பூவும் அந்திப் பூவும்

மியென் அக்கா வாயைத் திறந்தால் எங்கள் கால்வாய்க்கரையே காதைப் பொத்திக்கொள்ளும். நான் அடுத்த வீடு. முப்பது வருஷம் கேட்டவள். வடக்கிலிருந்து கல்யாணமாகி இந்த மீகாங் ஆற்றுக் கழிமுகத்துக்கு வந்தபோது, தாய்வீட்டு நுரைப் பீர்க்கு விதையைத் துணியில் முடிந்து கொண்டுவந்தாளாம். புருஷன் ஹாவ் அண்ணனுக்கோ வரிப் பீர்க்கு என்றால் உயிர். தண்ணீருக்கு மேல் போட்ட மூங்கில் பந்தலில் பாதி அவளுக்கு, பாதி அவருக்கு.

அவள் பூ விடியலில் விரியும். அவர் பூ சாயங்காலம்தான் விரியும். சண்டைக்கு இது போதாதா?

"என் பூ கோழியோட எந்திரிக்குது. உங்களுது ஊரே அடுப்பு மூட்டுற நேரத்துலதான் கண்ணு முழிக்குது. சோம்பேறி!"

"போடி! உன் காய் முத்துனா பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும்" என்பார். சொல்லிவிட்டு, அவள் காய் போட்ட நண்டுச் சாற்றை இரண்டு கிண்ணம் குடிப்பார். அந்தச் சத்தம் இல்லாமல் இப்போதெல்லாம் எனக்குச் சோறே இறங்குவதில்லை.

அண்ணன் செத்த வருஷமே வெள்ளமும் வந்தது. பந்தல் போயிற்று, விதை டப்பாக்களும் போயின. சேற்றைத் துழாவியதில் மூன்றே விதைகள் கிடைத்தன. வரிப் பீர்க்கு விதை சொரசொரக்கும், மற்றது வழுக்கும். ஊறி உப்பியதில் எது எதுவென்று புரியவில்லை. ஒன்றுதான் முளைத்தது. கரையோரம் புதுப் பந்தல் போட்டு ஏற்றிவிட்டோம். இலையும் கொடியும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் வருவதும் பிஞ்சில்லாத ஆண் பூ. அது எப்போது விரிகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"உங்கம்மா குடுத்த விதையாத்தான் இருக்கும்க்கா, கவலப்படாத" என்றேன்.

"வாய மூடுடி!" என்று சீறினாள். "அம்மா விதை வேணும்னா வடக்க தங்கச்சிகிட்ட வாங்கிக்குவேன். இவரு கையால எடுத்து வச்சத யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

அட மண்டு, இத்தனை வருஷம் பக்கத்திலிருந்து என்னத்தைக் கண்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மொட்டு உப்பிய அன்று விடியும்போதே போய் நின்றோம். விரியவில்லை. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். சாயங்காலம் உலை வைத்துவிட்டு, பந்தலடியில் அவருடைய முக்காலியில் போய் உட்கார்ந்தாள். வெயில் கால்வாயை விட்டு இறங்கியது. மொட்டு மெல்ல நெகிழ்ந்து, வெளிர் மஞ்சளாக விரிந்தது.

அக்கா எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

"இப்பத்தான் கண்ணு முழிக்கிறீங்களா? சோம்பேறி மனுஷா!"

முக்காலியைக் கொடிப்பக்கமாக இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். சோறு தீய்கிற வாடை அடித்தது. நான்தான் ஓடிப்போய் இறக்கினேன்.