குமுதாவின் கிளட்சுக் கால்

என் தங்கச்சி குமுதா ஈப்போ புந்தோங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். வயது முப்பத்தொன்று, வாய்க்கு மட்டும் அறுபது. பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனாலும் வேனுக்குள் அவள் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். நான் கலாதேவி, அவளுக்கு ஒரே அக்கா. எனக்கு முன்கோபம் என்று ஊரே சொல்லும். இவளோடு குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய இடது முட்டிக்கு மேலே வீங்கியது. கிளட்சு மிதிக்கிற கால். சுளுக்கு என்று நானே முடிவுகட்டி, சுங்காய் ஊரில் எண்ணெய் போட்டுத் தடவுகிறவரிடம் மூன்று மாதம் கூட்டிக்கொண்டு அலைந்தேன். சுளுக்கு இல்லை. எலும்பில் அபூர்வமாக வருகிற புற்றுநோய். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. "நுரையீரலுக்குப் போகல, அது நல்ல சேதி. இனிமே மருந்து நேரத்துக்கு ஏறணும், உடம்பு அதைத் தாங்கணும். கட்டி ரத்தக் குழாயைத் தொடாம இருந்தா காலைக் காப்பாத்தலாம். தொட்டுட்டா காலை எடுக்க வேண்டி வரும்."

குமுதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கிளட்சு மிதிக்கலாமா டாக்டர்?"

"முதல்ல கால் இருக்கட்டும்மா."

முதல் மருந்திலேயே முடி கொட்டிவிட்டது. "கல்லுமலை முருகனுக்கு மொட்டை போடலாம்னு இருந்தேன், அவரே வந்து எடுத்துக்கிட்டாரு லா" என்று சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆனால் அடுத்த மருந்துக்குப் போனபோது ரத்தம் குறைவு, எடை குறைவு, ஒரு வாரம் கழித்து வாங்க என்றார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் மறுபடியும் அதே பாட்டு. எடை நான்கு கிலோ இறங்கியிருந்தது. உடம்பைத் தேற்ற வார்டிலேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மூன்று வேளையும் நான் சமைத்து வைத்த சாப்பாடெல்லாம் எங்கே போனது?

கண்டுபிடித்தது வார்டு நர்ஸ் தினேஸ்வரி மிஸ்ஸி. குமுதாவின் சட்டைக்குள்ளே கிடந்த மாலையைப் பார்த்துவிட்டாள்.

"விரதமா? எத்தனாவது நாளு?"

"பத்தொன்பது, மிஸ்ஸி" என்றாள் இவள், திருடி மாதிரி.

தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் ஒரே வேளை சோறு, மீனும் முட்டையும் கிடையாது. கால் தங்கினால் அடுத்த வருடம் பால்குடம் எடுத்து நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பூனை ஏன் அப்படிக் கொழுத்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"காலுக்கு விரதம் இருந்து காலையே தொலைக்கப் போறியாடி!" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"முருகன்கிட்ட சொல்லிட்டேன்கா. மீறினா காலை எடுத்துக்குவாரு."

இத்தனை நாளும் சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு உள்ளே அவ்வளவு பயம். எனக்கு அழுகை வந்துவிட்டது. விரதத்தை விடச் சொல்லி டாக்டரம்மா சொன்னார், மிஸ்ஸி சொன்னாள். குமுதா அசையவில்லை.

மறுநாள் மீரா சாஹிப் பாய் வந்தார். வேன் நிறுத்துமிடத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். குமுதா தினமும் அங்கேதான் தேத்தண்ணி குடிப்பாள்.

"போன ரமலானுக்கு நான் பாதி நோன்பு பிடிக்கல, தெரியுமா? பித்தப்பை ஆபரேசன். காயலாக்காரன் இப்ப விட்டுட்டு, குணமானதும் பிடிச்சுக்கலாம். எங்க ஆண்டவன் குடுக்கிற லீவை உங்க முருகன் குடுக்க மாட்டாரா லா?"

குமுதா மாலையைக் கழற்றி என் கையில் வைத்தாள். "சாமி படத்துல மாட்டுக்கா. குணமானதும் முதல்லேருந்து இருக்கேன்னு சொல்லிடு."

பாய் சந்தோஷமாகப் பையிலிருந்து இரண்டு முட்டையை எடுத்து உடைத்தார். கடையில் கொடுக்கிற மாதிரியே அரைவேக்காடு. தினேஸ்வரி மிஸ்ஸி ஓடிவந்து பிடுங்கினாள். "ஐயோ பாய், இவங்களுக்கு முழுசா வேகணும்! கிருமி வந்தா என்னா பண்றது?" பாய் மறுபடியும் கடைக்குப் போய் அவித்து எடுத்துவந்தார்.

அதற்கப்புறம் ஒரு மருந்துகூடத் தள்ளிப்போகவில்லை. கட்டி ரத்தக் குழாயைத் தொடவில்லை. எலும்பை வெட்டி எடுத்து உலோக மூட்டு வைத்தார்கள். எடுத்த கட்டியைச் சோதித்ததில் தொண்ணூற்று மூன்று சதவீதம் மருந்திலேயே செத்திருந்ததாம். தொண்ணூறைத் தாண்டினால் நல்ல அறிகுறி என்றார் டாக்டரம்மா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. குமுதா இப்போது கிளட்சு இல்லாத ஆட்டோ கியர் வேன் ஓட்டுகிறாள். ஸ்கேனுக்குத் தவறாமல் போய்வருகிறாள்.

இந்தத் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாளும் முழுசாக விரதம் இருந்தாள். பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, லேசாக நொண்டியபடி, புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்கு நடந்தாள். உச்சி வெயில். தார் ரோடு கொதித்தது. வெறுங்காலோடு எல்லாரும் துள்ளிக்கொண்டு போனார்கள். மீரா சாஹிப் பாய் கடை வாசலில் குழாயைப் பிடித்து ரோட்டுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை இந்தப் பக்கம் திருப்பினார்.

குமுதா நின்றாள். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும்.

"எனக்கு ஊத்தாதீங்க பாய். இடது கால் சுடுது. கொஞ்ச நேரம் சுடட்டும்."