கரைச்சல் இல்லாத பிள்ளை

றீற்றா புதுப் பிள்ளைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். தரையில் சப்பாணி கட்டி, முன்னால் தோய்த்துக் காய்ந்த துவாய்க் கூடையை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மடிப்பார். கதவோரம் சப்பாத்தைக் கழற்றாமல் நிற்கிற மூன்று வயதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். காது மட்டும் அங்கே இருக்கும். எட்டாவது துவாயில் வந்து கூடைக்குள் கை விடுகிற பிள்ளை ஒரு வகை. இருபதாவதிலும் அசையாமல் நிற்பது இன்னொரு வகை. துவாய் முடிந்துபோனால், மடித்ததையெல்லாம் உதறிக் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்து டேகெயாரில், சிறுவர் பகல் காப்பகத்தில், இது அவருக்கு இருபத்திரண்டாவது வருடம். வயது அறுபத்தொன்று. பிள்ளைகளின் சுபாவத்துக்கு அவர் வைத்திருக்கிற பெயர்கள் எல்லாம் குசினி அடுப்படியில் பிறந்தவை. "உவன் பால். கண்ணெடுத்தாப் பொங்கிப்போடுவான்." "உவள் மண்சட்டி. சூடாகச் சுணங்கும். சூடானா லேசிலை ஆறமாட்டாள்." பொறுப்பாளர் நிரூபா இந்த நாட்டிலேயே பிறந்து, பிள்ளை பராமரிப்பையே கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள். "அன்ரி, இதை அப்பிடியே ரிப்போட்டிலை எழுதேலாது" என்று சிரிப்பாள். ஆனாலும் எழுத முதல் றீற்றாவைத்தான் கேட்பாள்.

மூன்று வயது அட்சயாவைப் புதிதாகச் சேர்க்க வந்த அன்று அவளுடைய தகப்பன் கிருபன் பெருமையோடு சொன்னார்: "அக்கா, உவள் ஒரு கரைச்சலும் இல்லாத பிள்ளை. இருத்தின இடத்திலை இருப்பாள்." நம்மவர்கள் வாயில் இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு பிள்ளைக்குக் கிடையாது. றீற்றாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "கரைச்சல் உங்களுக்கு இல்லை. பிள்ளைக்கு இருக்கோ எண்டு எப்பவாவது பாத்தனீங்களோ?" கிருபன் பாவம், திருதிருவென்று விழித்தார். உண்மையில் அந்தக் கோபம் அவர்மேல் வந்ததே இல்லை.

அதே சொல்லை முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லித் திரிந்தவர் றீற்றாதான். மகன் டெனிஸ்டன் மூன்று வயதில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் வந்து இறங்கியவன். கணவர் வந்து சேரவே இல்லை. பகலில் கோப்பிக்கடை, பின்னேரத்தில் அலுவலகம் துப்புரவாக்கும் வேலை. மகனைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டு ஓடுவார். அவன் அழமாட்டான், அடம்பிடிக்கமாட்டான். "என்ரை பிள்ளை தங்கம், கரைச்சலே இல்லை" என்று கோயில் வாசலில் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். தங்கத்துக்கு இப்போது முப்பத்தாறு வயது. நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு. இன்றைக்கும் ஒரு கரைச்சலும் கொடுப்பதில்லை. ஞாயிறு தோறும் "ஓகேயா இருக்கிறன்" என்று ஒரு வரிச் செய்தி அனுப்புவான். போன வருடம் அவனுடைய மனைவி பிரிந்து போனதை றீற்றா, கோயில் பூசைக்கு வந்த யாரோ சொல்லித்தான் அறிந்தார். அறிந்தபோது ஐந்து மாதம் கழிந்திருந்தது.

டேகெயாரில் சேருகிற பிள்ளையின் சுபாவத்தை அறியப் பெற்றோர் நிரப்பித் தர ஒரு படிவம் உண்டு. ஒன்பது கேள்விகள். இந்த ஞாயிறு பகல் பூசை முடிந்து வந்த றீற்றா, அதில் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, பெயர் என்ற இடத்தில் டெனிஸ்டன் என்று பென்சிலால் எழுதினார். வயது மூன்று. முதல் கேள்வி: பசி வந்தால் பிள்ளை அதை எப்படிக் காட்டும்? ஊரார் பிள்ளை என்றால் ஒரு கிழமையில் சொல்லிவிடுவார். தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. போனை எடுத்தார்.

"தம்பி, சின்னனிலை பசிச்சா நீ என்னடா செய்வாய்?"

"என்னம்மா திடீரெண்டு? ஆர் யூ ஓகே?"

"நான் சுகந்தான். சொல்லு."

அந்தப் பக்கம் சத்தமில்லை. வழக்கமாக இந்த இடத்தில் றீற்றா எதையாவது அலம்பிப் பேசி நிரப்பிவிடுவார். இன்று வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

"தண்ணி குடிச்சிட்டுப் படுப்பன், அம்மா. அந்த அன்ரியிட்டைக் கேக்க வெக்கம். நீங்கள் வரேக்கை களைச்சு விழுந்து வருவீங்கள். அதான் சொல்லேல்லை."

றீற்றா அதை அப்படியே முதல் கேள்விக்குக் கீழே பென்சிலால் எழுதினார். "இன்னும் எட்டுக் கேள்வி கிடக்கு, ராசா" என்று மட்டும் சொன்னார்.

"இப்ப வெளியிலை நிக்கிறன், அம்மா. பிறகு எடுக்கிறன்."

அவன் பிறகு எடுக்கிறேன் என்றால், அடுத்த ஞாயிறு வரப்போகிற அந்த ஒரு வரிதான். அது றீற்றாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் போனின் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி, படிவத்தின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். பிறகு எழுந்து போய், அடுப்புக்கு மேலே இரைந்துகொண்டிருந்த காற்றாடியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.