விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வி

வேறு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதால்தான் அந்தத் தாள்கள் என்னிடம் வந்தன. எங்கள் தலைமையாசிரியை, எல்லோருக்கும் அவர் எச்.எம்., ஆசிரியர் அறையில் அவற்றை நீட்டியபோது ஒருவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார், ஒருவர் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பள்ளி. கன்டெய்னர் லாரி திரும்பும்போது பாடத்தை நிறுத்திக் காத்திருப்போம். அங்கே நான் நாலாம் வகுப்பு டீச்சர். வெளியூர் அறக்கட்டளை ஒன்று, டிஸ்லெக்ஸியா என்கிற எழுத்துச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கு மானியம் தருகிறது, எழுதிப் போட்டால் கிடைக்கும் என்று எச்.எம். சொன்னார். பள்ளியின் வயது, கட்டடம், கழிப்பறை என்று ஆறு கேள்விகளுக்கு ஒரே மூச்சில் எழுதினேன். ஏழாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. ‘இந்தப் பயிற்சி தேவைப்படும் ஒரு மாணவரைப் பற்றி உங்கள் சொற்களில் எழுதவும்.’

யாரைப் பற்றி எழுத வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள் அவள். கருப்பட்டி, பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். எந்த வீட்டுக்கு எந்த டீத்தூள், எந்த சோப்பு என்று ஒரு சீட்டும் இல்லாமல் சொல்லிவிடுவாள். பாடத்தை நான் வாசித்துக் கேள்வி கேட்டால் முதலில் எழுகிற கை அவளுடையது. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முகம் வெளிறிப்போகும். ‘கொடி’ என்று எழுதச் சொன்னால் ‘காடி’ என்று எழுதுவாள். அடுத்த வரியில் அதே சொல் ‘கெடி’ ஆகும். வாயால் சொல்லும்போது பின்னால் வருகிற ஒலிக்கு எழுதும்போது கொம்பை முன்னால் போட வேண்டும், பிறகு எழுத்து, அதற்குப் பிறகு கால். நமக்கு இது சுவாசம் மாதிரி. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சிக்கல்.

அப்போது எனக்கு அது தெரியாது. இருபது தடவை எழுதிவரச் சொல்வேன். முதல் வரி சரியாக இருக்கும், நான்காவது வரியில் பிசகும், மீதி வரிகள் எல்லாவற்றிலும் அந்தப் பிழையே வரிசையாக நிற்கும். ‘பார்த்து எழுத உனக்கு என்ன கஷ்டம்?’ என்று நான் கேட்டிருக்கிறேன், வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படியாக.

அவளைப் பற்றி எழுதுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். கடை முன்னால், வீடு பின்னால். அவளுடைய அம்மா பதறிப்போய் எழுந்து வந்தார்.

“வாங்க டீச்சர். எதும் சேட்ட பண்ணிட்டாளா?”

இல்லை என்று சொல்லி, விஷயத்தை விளக்கினேன். சில பிள்ளைகளுக்கு எழுத்து பிடிபடுவது கஷ்டம், அது புத்திக்குறைவு இல்லை, சொல்லிக்கொடுக்கும் விதத்தை நாங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். விண்ணப்பத்தோடு வந்த குறிப்பில் படித்ததைத்தான் சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்துவந்து காட்டினார்.

“கண்ணு சரியில்லையோன்னு இத வாங்கிப் போட்டோம். டாக்டரு கண்ணுல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. மனசு கேக்கல. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டுனோம். அவ்வோ அப்பா ரெண்டு நாளு அடிச்சும் பாத்தாவ. நீங்களும் ரேங்க் கார்டுல ‘கவனம் இல்லை’, ‘கவனம் இல்லை’ன்னு மூணு தடவ எழுதியிருந்திய. அதான் டீச்சர், நாங்க எல்லாரும் அவளத்தான் வஞ்சோம்.”

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

“எழுதுங்க டீச்சர். பிள்ளைக்கு நல்லதுன்னா எழுதுங்க. ஆனா ஆருன்னு வெளிய தெரியக் கூடாது. பொம்பளப் பிள்ள. நாளைக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாது பாருங்க.”

வெளியே தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன். அன்று எழுதியதில் பாதி அவளைப் பற்றி, பாதி என்னைப் பற்றி.

விண்ணப்பம் போன பிறகு ஆசிரியர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. விண்ணப்பத்தோடு வந்த குறிப்பை எல்லோருக்கும் நான் வாசித்துக் காட்டினேன். அதிகமாக முணுமுணுத்தவர் கணக்கு சார். ஆத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். “சனிக்கிழமையையும் புடுங்கப் போறாங்க” என்றார். அவர் மேல் எனக்கு நெடுநாள் எரிச்சல் ஒன்று உண்டு. கரும்பலகையில் எண்களைத் தவிர எதையும் எழுத மாட்டார். தேதி எழுத ஒரு பிள்ளை, கணக்கின் வாசகத்தைப் படிக்க ஒரு பிள்ளை. மாற்றுச் சான்றிதழ் எழுத வேண்டிய முறை வந்தால் தாளை என் மேசைக்குத் தள்ளிவிடுவார். பதிலுக்கு என் மதிய மைதானப் பொறுப்பை அவர் பார்த்துக்கொள்வார். ஒருநாள் எல்லோர் முன்னாலும், “சாருக்குப் பேனா பிடிச்சா கை நோகும்போல” என்று சொல்லியிருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

சில வாரங்கள் கழித்து அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். ஓர் அம்மையார், உடன் ஓர் இளைஞர். எச்.எம். அறையில் நாங்கள் எல்லோரும் நின்றோம். அந்த அம்மையார் என் ஏழாவது பதிலை நன்றாகப் படித்திருந்தார்.

“இந்தக் குழந்தையைப் பார்க்க முடியுமா? ஒரே ஒரு நிமிஷம் வாசிக்கட்டும். சின்னதா ஒரு வீடியோ. எங்க கமிட்டிக்கு எடுத்துச் சொல்ல வசதியா இருக்கும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எச்.எம். என்னைப் பார்த்தார். “டீச்சர், போய்க் கூட்டிட்டு வாங்க.”

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுத்தது நினைவில் இருந்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்த மானியம் போய்விடுமே என்ற பயமும் இருந்தது. ஒரு நிமிஷம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டேன்.

“அந்தப் பிள்ள வேண்டாம்.”

கணக்கு சார்தான். எச்.எம்.மின் மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து விரித்தார். “நான் வாசிக்கேன். என்னைய எடுத்துக்கிடுங்க.”

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தோம். அவர் விரலைத் தலைப்பின் மேல் வைத்தார். “து... துறை... முக... துறைமுகத்தில்... சர... சகர...” என்றார். நிறுத்தி மறுபடி தொடங்கினார். நெற்றியில் வியர்வை. இருபத்தைந்து வருஷமாக எங்களோடு மதிய உணவு சாப்பிட்ட மனிதர், ஒரு தலைப்பின் இரண்டாவது சொல்லைத் தாண்ட முடியாமல் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. கைபேசியைத் தூக்கியிருந்த இளைஞரின் கையை அந்த அம்மையார் மெல்லத் தொட்டுக் கீழே இறக்கினார்.

“இது எங்கிட்ட பொறந்ததுலேர்ந்து இருக்கு” என்றார் சார். “எங்க அக்கா சத்தமா படிப்பா. நான் பக்கத்துல உக்காந்து காதாலயே மனப்பாடம் பண்ணிருவேன். கணக்கு என்னையக் காப்பாத்திச்சு. டீச்சர் ட்ரெய்னிங்ல தமிழ்ப் பேப்பர் மூணாவது தடவதான் பாசானேன். பாடக்குறிப்பு எல்லாம் எங்க வீட்டுக்காரிதான் எழுதித் தாரா. இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு டீச்சர் அந்தத் தாள வாசிச்சப்பதான் தெரியும். ஒரு பிள்ளைய நிப்பாட்டி வச்சு வாசிக்கச் சொன்னா அதுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது வேண்டாம்.”

அந்த அம்மையார் குறிப்பேட்டை மூடிவிட்டார். “மன்னிச்சிருங்க, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்று அவரிடமே சொன்னார்.

அவர்கள் போன பிறகு வராந்தாவில் சார் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அன்று கேலி பேசியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. பேனாவைப் பற்றி அன்று நான் சொன்னது தப்பு என்று மட்டும் தடுமாறிச் சொன்னேன்.

“நீங்க சொன்னதுல எனக்குக் கோவம் இல்ல டீச்சர்” என்றார். “நானும் என்னையச் சோம்பேறின்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

மானியம் வந்தது, கேட்டதில் ஒரு பகுதிதான். எல்லா ஆசிரியர்களுக்கும் என்று கேட்டிருந்தோம், மூன்று பேருக்குத்தான் அனுமதி. ஒன்றாம் வகுப்பு டீச்சர், நான், மூன்றாவதாகக் கணக்கு சார். ஓய்வுபெறச் சில வருஷங்களே இருப்பவரை அனுப்புவானேன் என்று எச்.எம்.முக்கு ஒரு தயக்கம். “அவரை விட்டுட்டுப் போக முடியாது மேடம்” என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லிவிட்டோம்.

பாளையங்கோட்டையில் சனிக்கிழமைகளில் வகுப்பு. காலையில் பஸ் ஏறி, வல்லநாடு தாண்டும் வரைக்கும் தூங்கிவழிவோம். முதல் நாள் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். எழுத்துகளை இடம் மாற்றி, சிலவற்றைத் தலைகீழாக்கி அச்சடித்த ஒரு பத்தி. இரண்டு நிமிஷத்தில் வாசியுங்கள் என்றார். டீச்சர்மார் எல்லோரும் திணறிச் சிரித்தோம், ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சார் மட்டும் தாளைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “எல்லாருக்கும் ரெண்டு நிமிஷம்தான் அப்படி இருந்திச்சு, என்னா?” என்று கேட்டார்.

அங்கே கற்றது ஒன்றும் மந்திரம் இல்லை. எழுத்தை மணலில் விரலால் எழுதச் சொல்வது, எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்லவைப்பது. கொம்புக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம். எழுதிப்பார்க்கச் சொல்லித் தண்டிக்காமல் வாயால் பதில் சொல்ல விடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் கொடுப்பது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதுதான் கஷ்டம். பல நாள் என்னால் முடியவில்லை. பழைய அதட்டல் நாக்கு நுனி வரை வந்து நிற்கும்.

கடைக்காரர் மகளோடு மதிய இடைவேளையில் சார் உட்கார்ந்தார். தனக்கு வராத எழுத்துகளை அவளிடம் மறைக்கவில்லை. “எனக்கும் இந்த ளகரமும் ழகரமும் தகராறுதான் ஏட்டி, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்” என்பார். அவள் வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த வருஷக் கடைசியில் ஒரு பக்கத்தை நின்று நின்று வாசித்தாள். பிழைகள் முழுதாகப் போகவில்லை, போகாது என்றும் எங்களுக்குத் தெரியும். அவளுடைய அப்பா ஒருநாள் பள்ளிக்கு வந்து ஆசிரியர் அறையில் ஒரு பை கருப்பட்டியை வைத்துவிட்டுப் போனார்.

மறுவருஷம் மானியம் நீளவில்லை. வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாகக் கடிதம் வந்தது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம். முதல் வாரம் இரண்டு பேர்தான் வந்தார்கள். இப்போது பாதிப் பேராவது வருகிறார்கள். மணல் தட்டு செய்ய உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெற்றோர் பழைய பலகைகள் கொண்டுவந்து தந்தார். சார் தன் பாடக்குறிப்பைக் கைபேசியில் பேசிப் பதிகிறார். அது அவர் பேச்சைப் புரிந்துகொள்ளாமல் கண்டதையும் அடிக்கிறது. நான் திருத்திக் கொடுக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது வேறு பள்ளியில் ஆறாம் வகுப்பு. சென்ற மாதம் புதுச் சீருடையோடு எங்களைப் பார்க்க வந்தாள். அறிவியல் டீச்சர் வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னாராம்.

“நீ என்ன செஞ்ச?” என்று கேட்டேன்.

“எனக்கு மொதல்ல மனசுக்குள்ள ஒருக்க வாசிச்சுப் பாக்கணும், நேரம் வேணும்னு சொன்னேன்.”

“கொடுத்தாங்களா?”

“மொதல்ல கொடுக்கல டீச்சர்” என்றாள். “ரெண்டாவது தடவ கேட்டேன். கொடுத்தாங்க.”