உப்புக் கரித்த சட்டை

இரண்டாயிரத்து ஐந்து வெயில் காலத்தில் எனக்கு மார்பிலிருந்த புற்றுக்கட்டியை எடுத்துவிட்டு, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் கரண்ட் வைக்கத் தொடங்கினார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மொத்தம் இருபத்தைந்து முறை. மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் போய் வருவேன். முதல் நாளே நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கரண்ட் படும் இடத்தில் சோப்பு, பவுடர், மஞ்சள், எண்ணெய் எதுவும் ஆகாது. தேய்க்காமல் தண்ணீர் ஊற்றி மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். இறுக்கமாக ஜாக்கெட் போடக் கூடாது.

"தோல் பிஞ்சுதுன்னா நடுவுல நிறுத்திடுவாங்கம்மா. நிறுத்தினா நல்லதில்ல."



ஜாக்கெட் இல்லாமல் பஸ்ஸில் எப்படிப் போவது? அதற்கு வழி எங்களிடமே இருந்தது. உப்பளத்து வேலைக்குப் போகும் பெண்கள் நாங்கள் வெயிலுக்காகப் புடவைமேல் ஆம்பளைச் சட்டை போடுகிறவர்கள். என்னோடு உப்பு சுமந்த கூட்டாளிகள் ஆளுக்கொரு பழைய பருத்திச் சட்டையைத் துவைத்துக் கொண்டுவந்தார்கள். மொத்தம் ஏழு.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப போட்டிருந்தது. பாத்து போடு" என்றாள் ஒருத்தி.

கல்யாணத்துக்குக்கூட எனக்கு அவ்வளவு துணி வந்ததில்லை. நடிகை மாதிரி நாளுக்கொரு சட்டையில் போனேன்.

பத்தாவது முறைக்குப் பிறகு தோல் சிவந்தது. அது வழக்கம்தான் என்றார் நர்சம்மா. ஆனால் அடுத்தடுத்த நாளில் சட்டை பட்ட இடமெல்லாம் தீயாய் எரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாளில் அடங்காவிட்டால் நிறுத்த வேண்டியதுதான் என்றார். நர்சம்மா போலீஸ் மாதிரி விசாரித்தார். சோப்பு? பவுடர்? மஞ்சள்? சாமி சத்தியமாக எதுவும் இல்லை என்றேன். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து மடித்தார். மடித்தவர் என்ன நினைத்தாரோ, காலரை நாக்கில் வைத்தார். உப்பளத்துக்காரருக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற புத்தி. திட்டலாமென்று வாயெடுத்தேன்.

"இன்னாம்மே, உப்பா கரிக்குது!"

கரிக்காமல் என்ன செய்யும்? உப்புப் பாத்தித் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறிய சட்டைகள். அடிபம்புத் தண்ணீரும் உப்பு. சட்டையைத் துவைத்ததும் அதில்தான், தினமும் புண்பட்ட தோலில் நான் ஊற்றியதும் அதைத்தான். பிறந்ததிலிருந்து உப்பிலேயே கிடந்ததால் சட்டை கொடுத்த ஏழு பேரோடு எட்டாவதாக எனக்கும் அது உறைக்கவில்லை. நர்சம்மாவின் பட்டியலிலும் உப்பு இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் ஓட்டை மொபெட்டில் குடங்களைக் கட்டிக்கொண்டு, கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பிரம்மதேசம் ஊருக்குப் போனார். அங்கே ஒரு பம்புசெட்டில் நல்ல தண்ணீர். குளிக்கத் தண்ணீர் பிடித்ததோடு, அங்கேயே உட்கார்ந்து ஏழு சட்டையையும் துவைத்தார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் தன் கோவணத்தைக்கூட அலசாத மனிதர்! நாற்று நடப் போன பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். சேதி எங்கள் உப்பளம்வரை வந்துவிட்டது.

"அக்கா, உன் வூட்டுக்காரரு துவைக்கிற அழகுக்கு டிக்கெட்டே போடலாம்!" என்றாள் கூட்டாளி ஒருத்தி. சிரித்ததில் எனக்குத் தையல் போட்ட இடம் வலித்தது. வலிக்கட்டும் என்று இன்னும் சிரித்தேன்.

இரண்டு நாளில் எரிச்சல் அடங்கியது. நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரரும் தண்ணீருக்குப் போவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

இருபத்தைந்தாவது முறை முடிந்ததும் நர்சம்மா தோலைப் பார்த்தார். கறுத்திருந்ததே தவிர, எங்கும் பிய்யவில்லை. "முடிஞ்சிடுச்சும்மா. இன்னும் கொஞ்ச நாளைக்கு இதே மாதிரி பாத்துக்குங்க" என்றார். சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அன்றைக்குக் கூட வந்து வெளியே பெஞ்சில் இருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ தண்ணிக்கு இன்னும் எத்தினி நாளு போவணுமாம்?" என்று கேட்டார்.

"ஆயுசுக்கும் போவணுமாம்" என்றேன், சீண்டுவதற்காக.

"போறேன்" என்றார்.