தோளில் ஒரு பச்சைக் கை

“தனியா இருக்கறவங்க தோள்ல இன்னொருத்தர் கைய எப்படிப்பா கொண்டாந்து வைக்கறது?”

கேண்டீன் தட்டில் சாம்பார் சாதத்தின் ஓரத்தை ஆள்காட்டி விரலால் சுற்றிக்கொண்டே மாதேஸ்வரி இதைக் கேட்டார். அவர் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த மேசையில் இருந்த நாங்கள் எல்லாரும் அவரோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. அதைத் தட்டின் விளிம்பில் வழித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

எதைப் பார்த்தாலும் சுற்றிக் கோடு போடுவது அவர் பழக்கம். எடிட்டிங்கில் ஒரு ஆளைப் படத்திலிருந்து வெட்டி எடுக்க அப்படித்தான் சுற்றிக் கோடு போட வேண்டும்; அதை “வேலி போடறது” என்பார். ஓசூர் டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் கழுத்து, காது, காதுக்கு மேல் பறக்கும் முடி எல்லாவற்றையும் தன் முழங்கால்மேல் நகத்தால் வரைந்துகொண்டே வருவார். பஸ் குலுங்கினால் கோடு விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். “ஆளு ஆடினா வேலியும் கூடவே ஆடணும், அதான் வேலையே.” வழுக்கைத் தலைக்காரர்கள்மேல் அவருக்குத் தனிப் பிரியம். “ஒரே வட்டம். முடிஞ்சிது. புண்ணியவானுங்க!”

முப்பத்தாறு வயது. ஸ்கூட்டருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றும் வேலை. சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனி, காண்ட்ராக்ட் ஆள். மாதக் கடைசியோடு அந்த லைனை நிறுத்தப்போவதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கூட வேலை செய்யும் பெண்கள் சூளகிரிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கம்பெனிகளுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார்கள். மாதேஸ்வரியும் போனார். கேட்டிலேயே வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி எடிட்டிங் வேலை ஏதாவது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நாகரசம்பட்டியில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். அங்கே அவர் படுத்திருந்த அறையில் இப்போது மாங்காய்க் கூடைகள் அடுக்கியிருக்கின்றன.

அண்ணன் தோப்புக் குத்தகை எடுப்பவர். சீசனில் ஒரு பெட்டி பழத்தைப் பஸ்ஸில் போட்டுவிட்டுக் கண்டக்டரிடம் தங்கையின் நம்பரைக் கொடுத்துவிடுவார். மாதேஸ்வரி பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வார். பெட்டி வந்ததா என்று கேட்டு அண்ணி ஒரு போன் செய்வார். அவ்வளவுதான் போக்குவரத்து.

பாகலூர் ரோட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்று அவருடையது. பெங்களூரில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. பாடம் யூடியூபில். சொல்லிக்கொடுப்பவர் இந்தியில் பேசுகிறார், மாதேஸ்வரிக்கு இந்தி தெரியாது. “அவரு பேசறது எனக்கு எதுக்கு? அந்த அம்பு எங்க போவுதுன்னு பாப்பேன். அது போன எடத்துக்கு நானும் போவேன்.” இப்படியே இரண்டு வருடம் அம்புக்குறியின் பின்னால் போய், படத்தில் இருக்கும் ஆளை வெட்டி எடுக்கவும், ஓடுகிற பொருளின்மேல் இன்னொரு பொருளை ஒட்டிவைக்கவும் பழகிவிட்டார்.

பச்சைத் திரை விஷயத்தில் மட்டும் ஆரம்பத்தில் ஒரு கூத்து. பின்னால் பச்சையைக் கட்டிப் படம் எடுத்தால் பச்சையை மட்டும் அழித்துவிட்டு வேறு இடத்தை வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், நேரே நர்சரிச் சாமான் விற்கும் கடைக்குப் போய் ரோஜாத் தோட்டத்துக்கு மேலே கட்டும் நிழல் வலையை வாங்கிவந்துவிட்டார். இந்த ஊரில் பச்சை என்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதானே. வலையில் ஊசி நுழையும் ஓட்டைகள். கம்ப்யூட்டர் வலையை அழித்தது, ஓட்டை வழியே தெரிந்த சுவரை விட்டுவிட்டது. மாதேஸ்வரி புள்ளி மழைக்குள் உட்கார்ந்திருந்தார். “கொசுவலைக்குள்ள பெத்துப் போட்டவ மாதிரி இருந்தேன்,” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகுதான் துணி வாங்கினார்.

துணி கிடைத்தது. அதற்கு முன்னால் நிற்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் அவரே நின்றார். முதல் தடவை ஒரு மாதேஸ்வரி. பிறகு புடவை மாற்றிக்கொண்டு இரண்டாவது மாதேஸ்வரி. சேர்த்துவைத்தால் ஒருவர் டீ கொடுக்கிறார், இன்னொருவர் வாங்கிக் குடிக்கிறார். வாய் அசைய வேண்டும் என்பதற்காகப் பேச்சும் உண்டு. “வாங்க, உக்காருங்க.” “சீனி கம்மியா இருக்குது.” “கம்மியாத்தான் குடிக்கணும், வயசாவுதில்ல?” ஒரு படத்தில் நான்கு மாதேஸ்வரிகள் வட்டமாக உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார்கள். இன்னொன்றில் பின்னால் சானமாவுக் காட்டு யானைக் கூட்டம், யாரோ வாட்ஸப்பில் அனுப்பியது. யானைகள் ரோட்டைக் கடக்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறார். தலைமுடிக்கு வேலி போடுவது கஷ்டம் என்பதால் படம் எடுக்கும் நாளில் எண்ணெயை அப்பி ஒரு முடிகூடப் பறக்காமல் பின்னிக்கொள்வார்.

நகரும் பொருளைக் கம்ப்யூட்டர் விடாமல் பின்தொடர அதன்மேல் ஏதாவது ஒரு புள்ளி வேண்டும். அவர் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொள்வார். ஒருநாள் எடுக்க மறந்து கம்பெனிக்கு வந்துவிட்டார்.

“அக்கா, பொட்டு நெத்திய உட்டு தோளுக்கு எறங்கிருச்சு. நாளைக்கு முழங்கைக்கு வருமா?” என்று கேட்டான் பக்கத்து மேசை ஆஞ்சப்பன்.

“அது பொட்டு இல்லடா, கம்ப்யூட்டருக்கு அடையாளம். அது எங்க போவுதோ படமும் பின்னாலயே போவும்.”

“அப்ப எனக்கும் ஒன்னு ஒட்டுக்கா. சம்பளம் பின்னாலயே வருதான்னு பாக்கறன்.”

லைன் நிற்கும் செய்தி வந்த வாரம், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ராஜசேகரிடம் போனார். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“அறுபதாம் கல்யாணம் பண்றாங்க. பையன் ஜெர்மனில இருக்கான், லீவு கெடைக்கல. அவன் அங்கயே நின்னு வீடியோ எடுத்து அனுப்பறான். அப்பா தோள்ல கை வச்ச மாதிரி நாம பண்ணித் தரணும். இப்ப இந்த ஆர்டர்தாம்மா வருது. இதப் பண்ணிக்கினு இருந்த நம்ம ஸ்டுடியோ பையன் பெங்களூருக்குப் போயிட்டான். உனக்கு வருமா?”

“வருங்க.”

“பத்து செகண்டு பண்ணிக் காட்டு. ஒருத்தர் உக்காந்திருக்கணும். இன்னொருத்தர் வந்து தோள்ல கை வைக்கணும். ரெண்டும் தனித்தனியா எடுத்துச் சேத்ததா இருக்கணும். கை மெதக்கக் கூடாது, பாத்துக்க. உக்காரணும்.”

கை மிதந்தது. எத்தனை தடவை செய்தாலும் மிதந்தது. பொட்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மூச்சு விட்டால் தோள் ஏறும், கூடவே கையும் ஏறும். ஆனால் கை பட்ட இடத்தில் புடவை அமுங்கவில்லை. அமுங்காத துணிமேல் வைத்த கை, பறவை வந்து உட்காரப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பதுபோல இருந்தது. மாதேஸ்வரி தோள்மேல் அரிசிப் பையை வைத்து எடுத்துப் பார்த்தார். அரிசிப் பை வைத்த மாதிரியே அமுங்கியது. அணைத்த இஸ்திரிப் பெட்டியை வைத்தார், சரிந்து காலில் விழப் பார்த்தது. தன் இடது கையாலேயே வலது தோளை அழுத்தினால் உடம்பு கோணிக்கொண்டது. அந்த நாட்களில்தான் கேண்டீனில் எங்களைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதிலைக் கடைசியில் அவரே கண்டுபிடித்தார். ஒரு நிஜக் கையில் பச்சைத் துணியைச் சுற்றித் தோளில் அழுத்தச் சொல்ல வேண்டும். பிறகு பச்சையை அழித்தால் கை போய்விடும், அமுங்கிய புடவை இருக்கும். அந்தப் பள்ளத்தில் இரண்டாவது மாதேஸ்வரியின் கையைக் கொண்டுவந்து வைத்துவிடலாம். எல்லாம் சரி. அந்த நிஜக் கைக்கு எங்கே போவது?

பக்கத்து வீட்டில் வஜிஹா இருக்கிறார். கணவர் சமீர் துணி மூட்டையைப் பைக்கில் கட்டிக்கொண்டு ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களுக்கு வியாபாரத்துக்குப் போகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒன்றரை வருடமாக “மோட்டார் போட்டாச்சா?” “தண்ணி வருதா?” என்பதைத் தவிர அவர்கள் பேசிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதேஸ்வரி பச்சைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அந்தக் கதவைத் தட்டினார்.

வஜிஹா கையெல்லாம் கோதுமை மாவோடு வந்தார். “வாங்கக்கா. விருந்தாளிங்க கெளம்பிட்டாங்களா?”

“எந்த விருந்தாளி?”

“தெனம் சாயந்தரம் உங்க வீட்டுக்கு வர்றாங்களே. ‘உக்காருங்க, டீ குடிங்க’ன்னு நீங்க சொல்றது செவுத்துல கேக்கும். சிரிப்பு கூட கேக்கும். நானும் நெறைய வாட்டி வரலாம்னு உங்க வாசல் வரைக்கும் வந்திருக்கேன். சொந்தக்காரங்க இருக்கச்சே நாம எதுக்குன்னு திரும்பிடுவேன்.”

மாதேஸ்வரி துணியின் முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். “யாரும் வரலம்மா. நான்தான்.”

“ரெண்டு மூணு பேரு பேசுவாங்களே?”

“எல்லாம் நான்தான்.”

வஜிஹா சிரிக்கவில்லை. மாவுக் கை படாமல் முழங்கையால் கதவை அகலத் தள்ளினார். “செரிக்கா, இப்ப என்ன வேணும்?”

“உன் கை வேணும்.”

“கையா! தோசைக்கு ஆட்டணுமா?”

மாதேஸ்வரி விளக்கினார். வஜிஹாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். “மொகம் வராதே?”

“மொகமும் வராது, கையும் வராது. பச்சைய அழிச்சிட்டா ஒன்னுமே இருக்காது. அமுங்கின எடம் மட்டும் இருக்கும்.”

“அப்ப நான் வந்ததே யாருக்கும் தெரியாது?”

“தெரியாது.”

“நல்லதாப் போச்சு. எங்க வீட்டுக்காரரு கேட்டா இல்லவே இல்லன்னு சாதிச்சிருவேன்,” என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

அறைக்குள் வந்ததும் வஜிஹா முதலில் சுவரைத் தொட்டுப் பார்த்தார், இந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்பதுபோல. மாதேஸ்வரி அவருடைய வலது கையில் முழங்கைவரை துணியைச் சுற்றிக் குண்டூசி குத்தினார். போனை ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டுவிட்டு, அடர் நீலப் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்தார். வஜிஹா நாற்காலிக்குப் பின்னால் குந்திக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பச்சைக் கை ஒன்று மெதுவாக எழுந்துவந்து தோளில் உட்கார்ந்தது.

“போதும்னா சொல்லுங்கக்கா.”

“சொல்றேன்.”

சொல்லவில்லை. வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள். வஜிஹா பின்னாலிருந்தபடியே பேச ஆரம்பித்தார். “பகல் பூரா வீட்ல ஒரு சத்தம் இருக்காது. சாயந்தரம் உங்க வீட்ல பேச்சு கேட்டாத்தான், செரி அக்கா வந்துட்டாங்கன்னு அடுப்பு பத்த வைப்பேன்.”

மாதேஸ்வரி திரும்பவில்லை. திரும்பினால் தோள் நகர்ந்துவிடும்.

“அக்கா, கால் மரத்துப் போச்சு.”

“மாத்தி உக்காரு.”

வஜிஹா காலை மாற்றிக்கொண்டார். கை அங்கேயே இருந்தது.

அன்று மதியமே வேலையை முடித்தார் மாதேஸ்வரி. பச்சையை அழித்ததும் வஜிஹா இருந்ததற்கு அடையாளமாக நீலப் புடவையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியது. அதில், தனியாகப் படமெடுத்திருந்த தன் கையைக் கொண்டுவந்து வைத்தார். உட்கார்ந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போனார். ராஜசேகர் முன்னால் குனிந்து, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். “கை உக்காந்திருச்சே! அமுங்குது பாரு. இத யாரு அமுக்கினது?”

“பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க.”

“எங்க, காணோமே?”

“அழிச்சிட்டேங்க.”

ராஜசேகர் தலையாட்டினார். “செரி. ஆனா பத்து செகண்டுதானே கேட்டேன், இது பதினாறு போவுது. கை வச்சப்புறம் ஒன்னுமே நடக்கல, சும்மா இழுக்குது. அந்த ஆறு செகண்ட இப்பவே தூக்கிக் குடுத்துரு. ஒன்னாந்தேதி வேலைக்கு வந்துரு.” எழுந்து தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டார்.

மாதேஸ்வரியைப் பற்றி நீங்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அம்புக்குறியைப் படத்தின் கடைசிக்குக் கொண்டுபோனார். அங்கே கை இன்னும் தோளிலிருந்து எடுபடாமல் இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு அம்புக்குறியை ஆரம்பத்துக்கு இழுத்து வந்து, தான் தனியாக உட்கார்ந்து காத்திருக்கும் முதல் ஆறு விநாடியை வெட்டி எடுத்தார்.