தளத்தில் ஒரு சந்தனப் பொட்டு

விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் ஒரு முழ நீள மாதிரியைச் செய்து முடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. விமானங்கள் இறங்கிய சக்கரத் தடங்களைக்கூடப் பென்சில் தூளைத் தேய்த்து மேல்தளத்தில் கொண்டுவந்திருந்தேன். கராஜ் வைத்திருக்கும் என் கணவர் மட்டும் அதை, "உம்மடை விளையாட்டுச் சாமான்" என்றே சொல்வார்.

யாழ்ப்பாணத்தில் இப்படியான மாதிரிகளுக்கு ஒரு போட்டிக் கண்காட்சி. அதற்கு முதல்நாள் சரஸ்வதி பூசை. வேலை முடிந்து கோப்பாயில் வீட்டுக்கு வந்தால், கும்பத்துக்கு முன்னால், பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் அவருடைய ஸ்பானர்களுக்கும் நடுவில் என் கப்பல். தளத்தின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? துடைச்சால் பெயின்றும் சேர்ந்தெல்லே வரும்."

அவர் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். "தொழில் சாமானுக்குப் பொட்டு வைக்கிறதுதானே. என்ரை ஸ்பானருக்கு வைச்சிட்டு, உம்மடை கப்பலை எப்பிடி விடுறது?"

விளையாட்டுச் சாமான் எப்போது தொழில் சாமான் ஆனது என்று நான் கேட்கவில்லை. துடைக்க எடுத்த துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் நடுவர் குனிந்து பார்த்தார். "இதென்ன அடையாளம்? எந்தக் கடற்படையிலும் இப்பிடி இல்லையே."

"ஓம், இல்லைத்தான். இது எங்கடை வீட்டுக் கப்பல்," என்றேன்.

பரிசு வேறொருவருக்குப் போனது. சில வாரங்களில் சந்தனம் காய்ந்து உதிரத் தொடங்கியது. என்னிடமிருந்த மிக மெல்லிய தூரிகையை எடுத்து, அதே சந்தன நிறத்தில் பெயின்ற் கலந்து, அதே இடத்தில் அந்தப் பொட்டை நானே வரைந்தேன். அந்தக் கப்பலில் நான் மிகக் கவனமாகச் செய்த வேலை அதுதான்.