அமைச்சர் படத்துக்குப் போட்ட மாலை

ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம், பிரான்சில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு படக்கடையில் வேலை செய்தேன். பழைய படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில்.

ஒருநாள் வயதான ஆப்பிரிக்க அம்மா ஒருவர் தன் தகப்பனின் படத்தைக் கொண்டுவந்தார். அவர்கள் நாடு சுதந்திரமடைந்து ஐம்பது வருடமாம், சங்கத்தில் விழாவாம். தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார். துறைமுகத் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்து சிறைக்குப் போனவர். கொடி ஏறிய அன்று அமைச்சர். சில வருடங்களில் கூட இருந்த தோழர்களே வந்து கூட்டிப்போனார்களாம். “பிரெஞ்சுக்காரன் சிறையிலிருந்து திருப்பித் தந்தான். எங்கள் ஆட்கள் தரவில்லை” என்றார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. ஆனாலும் “அப்பா இருக்கிறார்” என்றே பேசினார். தொண்ணூறு தாண்டியிருக்க வேண்டிய மனிதரை! எனக்கு அது பைத்தியமாகப் படவில்லை. வன்னியில் காணாமற்போன என் கணவரைப் பற்றி நானும் அப்படித்தான் பேசுவேன்.

அந்த அம்மா படத்தை எடுக்க வரும் நாளில் பார்த்தால், முதலாளி அதற்குச் சந்தன மாலை போட்டு வைத்திருக்கிறார். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அவர் கை தன்பாட்டில் மாலையைத் தேடும்.

“கழட்டுங்கோ அண்ணை. அவ இப்ப வந்திடுவா.”

“ஏன் பிள்ளை? மரியாதைக்குத்தானே போட்டனான்.”

“செத்த ஆக்களுக்கெல்லோ போடுறது!”

“பின்னை, அந்த மனுசன் உயிரோடையே இருக்கிறார்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மாலையில் கை வைக்கவும் அந்த அம்மா கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

“அழகாக இருக்கிறதே. இது எதற்கு?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“சும்மா, அலங்காரத்துக்கு” என்றேன்.

“இல்லை, மதாம்” என்றார் முதலாளி. “எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களின் படத்துக்குத்தான் இப்படிப் போடுவோம்.”

அந்த அம்மா கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவேண்டும் என்று விரும்பவும் செய்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒவ்வொரு விழாவிலும் அப்பாவுக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விடுவோம். இந்த முறை யாராவது உட்காரட்டும்” என்று சொல்லி அழுதார். முதலாளி தண்ணீர் கொடுத்தார்.

எனக்கோ அந்த அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை காலம் பிடித்த பிடியை ஒரு மாலைக்காகவா விடுவது? படத்தை மாலையோடு சுற்றிக் கொடுத்தேன்.

போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

“என் கணவர் உயிரோடுதான் இருக்கிறார், மதாம்” என்றேன்.

அவர் அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை.